லெட்சுமி வேண்டாம் என்ற மரவள்ளி

உணவுத் தரக் கட்டுப்பாட்டு வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி உங்கள் பயிற்சி மையத்தில் என்னைக் கேட்டார்கள். கேட்ட பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. "உங்க சக்ஸஸ் ஸ்டோரி ஏதாச்சும் எழுதுங்க அங்கிள், படிக்கிறவங்களுக்கு ஒரு தெம்பா இருக்கும்லா," என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, முப்பத்தொரு வருட வேலையில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒரே ஒரு சனிக்கிழமைதான் என்று. அது வெற்றிக் கதை இல்லை. படித்து முடித்தபின் உங்களுக்குத் தெம்பு வருமா என்றும் தெரியவில்லை.

நான் வேலை பார்த்தது சிங்கப்பூரில், உட்லண்ட்ஸில், கிழங்குகளைத் தோலுரித்து, வெட்டி, குளிர்பதனம் செய்து அனுப்பும் தொழிற்சாலையில். பெயர் வேண்டாம். மரவள்ளி, சேனை, சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி, கருணை எல்லாம் மலேசியாவின் ஜொகூரிலிருந்து லாரியில் எல்லைப் பாலம் தாண்டி வரும். எங்கள் கையைவிட்டுப் போனால் தேக்கா பக்கத்து உணவகங்கள், பள்ளி கேன்டீன்கள், முதியோர் இல்லங்கள், துவாஸில் வெளிநாட்டு ஊழியர்கள் தங்கும் விடுதிகள். நான் அங்கே தரக் கட்டுப்பாட்டு சூப்பர்வைசர். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டி வெளியே போகாது.

கிழங்கை யாரும் பயத்தோடு பார்ப்பதில்லை. மீன், கோழி என்றால் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார்கள். கிழங்கு மண்ணோடு வருகிறது, தோலை எடுத்தால் வெள்ளையாக இருக்கிறது, வேகவைத்தால் வயிறு நிறைகிறது. இதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு. நானும் அப்படித்தான் வந்தேன். வந்த பிறகு கற்றுக்கொண்டேன். மரவள்ளியில் இரண்டு வகை உண்டு. இனிப்பு வகையை வேகவைத்துச் சாப்பிடலாம். கசப்பு வகை மாவு மில்லுக்குப் போவது. அதற்குள் இருக்கும் ஒரு பொருள், கிழங்கை வெட்டினாலோ மென்றாலோ சயனைடாக மாறும். துருவி, நாள்கணக்கில் ஊறவைத்து, பிழிந்து எடுத்தால்தான் அது போகும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி. மழை இல்லாத காலத்தில் இனிப்பு வகையே கசந்துபோவதும் உண்டு. இதை நீங்கள் பயிற்சியில் படித்திருப்பீர்கள். நானும் படித்திருந்தேன். அந்தச் சனிக்கிழமை எனக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை.

சனிக்கிழமைக்கு வருமுன் ஒரு சேனைக்கிழங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அதற்கு நான்கு மாதம் முன்பு ஒரு லாரி சேனை வந்தது. வெட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு மாதிரி ஊதா நிறம். வழக்கமாக வரும் சேனை இளம் ரோஜா நிறத்தில் இருக்கும். எனக்குச் சந்தேகம். எல்லாப் பெட்டியிலும் 'ஹோல்ட்' என்ற சிவப்பு அட்டையை மாட்டி நிறுத்திவிட்டேன். சிராங்கூன் ரோட்டில் இருக்கும் ஒரு பெரிய உணவகம் ஒரு கல்யாண விருந்துக்காக அந்தச் சேனைக்குக் காத்திருந்தது. அவர்களுக்குப் போகவில்லை. வேறு யாரிடமோ வாங்கிக்கொண்டார்கள். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது: கிழங்கில் குற்றம் இல்லை, அது வேறொரு நாட்டு ரகம், அதன் நிறமே அப்படித்தான். அதற்குள் வெட்டியதில் பாதி அழுகிவிட்டது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லதாகப் போயிருக்கும். எல்லாரும் சிரித்தார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவரான மேனேஜர், வாராந்தரக் கூட்டத்தில் ஒரு கத்திரிக்காயைத் தூக்கிக் காட்டி, "அண்ணே, இதுவும் ஊதாவா இருக்கு, ஹோல்ட் போட்டுடலாமா?" என்றார். எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். அன்றிலிருந்து எனக்கு 'ஹோல்ட் மாஸ்டர்' என்று பெயர். லாரி ஓட்டுநர்கள்கூட வாசலில் நின்றுகொண்டு, "மாஸ்டர், நான் போகலாமா, இல்ல என்னையும் ஹோல்டா?" என்பார்கள்.

விளையாட்டுதான். ஆனால் அன்றைக்குப் பிறகு சிவப்பு அட்டையை எடுக்கும் ஒவ்வொரு முறையும் என் கை கொஞ்சம் யோசித்தது. சேனை விஷயத்தில் நான் செய்தது சரியான வேலை. சந்தேகம் வந்தது, நிறுத்தினேன், சோதித்தேன். அப்படிச் செய்ததற்காக வெட்கப்பட்டேன் பாருங்கள், அதுதான் தவறு. அதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆயிற்று. அதற்குள் காலம் கடந்துவிட்டது.

இனி லெட்சுமி. இரண்டாம் லைனில் மரவள்ளி தோலுரிக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைவி. ஜொகூர்க்காரர். விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பி, பாலத்துக் கூட்டத்தில் நின்று, தினமும் வந்து போவார். எங்களிடம் ஆறு வருடம். அதற்கு முன் ஜொகூரில் மரவள்ளி சிப்ஸ் போடும் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடம். ஒல்லியான ஆள், அதிகம் பேச மாட்டார். புது மூட்டை ஒவ்வொன்றையும் பிரித்ததும், ஒரு கிழங்கை எடுத்து நுனியில் நகக்கண் அளவு சீவி, நுனிநாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவார். இதைச் செய்யும்படி யாரும் அவருக்குச் சொன்னதில்லை. எங்கள் விதிமுறையிலும் அப்போது இல்லை.

லைன் தலைவி ஒவ்வொரு லோடுக்கும் ஒரு தாளை நிரப்ப வேண்டும். குறை கண்டால் அதில் எழுத வேண்டும். தாள் ஆங்கிலத்தில் இருக்கும். லெட்சுமிக்குத் தமிழும் மலாயும் நன்றாக வரும், ஆங்கிலம் எழுதச் சிரமப்படுவார். வந்த முதல் மாதமே, "நீங்க வாயால சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்," என்று சொல்லிவிட்டேன். ஆறு வருடம் அப்படியே நடந்தது. அவர் சொல்வார், நான் எழுதுவேன், கீழே அவர் கையெழுத்துப் போடுவார். இந்த ஏற்பாடு எந்தக் காகிதத்திலும் இல்லை. எங்கள் இரண்டு பேருக்குள் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை வழக்கமாக மரவள்ளி தரும் தோட்டத்திலிருந்து லாரி வரவில்லை. வாங்கும் பிரிவு வேறொரு ஆளைப் பிடித்து லோடு வரவழைத்திருந்தது. வெள்ளிக்கிழமை வர வேண்டியது சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து நின்றது. பத்திரத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. இனிப்பு ரகம், சாப்பாட்டுக்கு உகந்தது என்று முத்திரையோடு எழுதியிருந்தது. துவாஸில் ஒரு விடுதிக்கு மதியம் இரண்டு மணிக்குள் போக வேண்டிய சரக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மரவள்ளியும் மீன்குழம்பும் வேண்டும் என்று அங்குள்ள ஊழியர்கள் பல வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். வழக்கமாகத் தோலுரித்த துண்டுகளை ஓர் இரவு தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றித்தான் அனுப்புவோம். அன்றைக்கு அதற்கு நேரம் இல்லை.

பதினொரு மணி இருக்கும். லெட்சுமி கையுறையைக் கழற்றிக்கொண்டே என் மேசைக்கு வந்தார்.

"அண்ணே, கொஞ்சம் வந்து பாருங்க. மூணு மூட்டை கசக்குது."

"நுனி கசக்கும்லா. நடுவுல பாத்தீங்களா?"

"நடுவுலயும் பாத்தேன். இது சும்மா கசப்பு இல்லண்ணே, நாக்குல நிக்குது. சிப்ஸ் கம்பெனில இருந்தப்ப இந்த மாதிரி வந்தா உள்ளயே ஏத்த மாட்டோம். இது மாவு மில்லுக்குப் போற கிழங்கு. எப்படியோ கலந்துருச்சு."

"பேப்பர்ல ஸ்வீட்னு போட்டிருக்கே."

"பேப்பரயா திங்கப் போறாங்க?" என்றார்.

எழுந்து போனேன். அங்கே நான் செய்ததை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இதை எந்தப் புத்தகமும் உங்களுக்குச் சொல்லாது. லைன் ஓரம் இருபது மூட்டைக்கு மேல் அடுக்கியிருந்தது. லெட்சுமி காட்டிய மூன்றும் வலப்பக்கம் தனியாக இழுத்துப் போடப்பட்டிருந்தன. நான் இடப்பக்கம் கையை நீட்டினேன். அங்கிருந்த ஒரு மூட்டையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, சீவி, கடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. மென்மையாக, இலேசான இனிப்போடு.

"நல்லாத்தானே இருக்கு," என்றேன்.

"அது வேற மூட்டைண்ணே," என்றார் லெட்சுமி.

எனக்குத் தெரியும், வேறு மூட்டைதான். என் கை தானாக இடப்பக்கம் போகவில்லை. நான்தான் கொண்டுபோனேன். எந்தக் கிழங்கு எனக்கு வேண்டிய பதிலைச் சொல்லுமோ அதை எடுத்துக் கேட்டேன். மாதிரி எடுப்பதைப் பற்றி உங்களுக்குப் பக்கம் பக்கமாகச் சொல்லித்தருவார்கள். எத்தனை மூட்டைக்கு எத்தனை கிழங்கு, எந்த அடுக்கிலிருந்து என்றெல்லாம். பயந்துபோன மனிதன் மாதிரியை எங்கிருந்து எடுப்பான் என்று அதில் இருக்காது.

எங்களிடம் ஒரு சோதனை இருந்தது. சின்னக் குப்பியில் நசுக்கிய கிழங்கைப் போட்டு, மருந்து தோய்த்த மஞ்சள் தாளை மேலே தொங்கவிட்டு மூடிவைப்பது. சயனைடு இருந்தால் மறுநாள் தாள் செம்பழுப்பாகிவிடும். மறுநாள். அதாவது இரண்டு மணி லாரியை நிறுத்த வேண்டும். மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் செங்காங்கில் மகளின் பள்ளி நிகழ்ச்சி ஒன்றில் இருந்தார். பின்னால் பிள்ளைகளின் பாட்டுச் சத்தம் கேட்டது.

"மரவள்ளி கொஞ்சம் கசக்குதுன்னு லெட்சுமி சொல்றாங்க," என்றேன்.

"கொஞ்சம்னா? நீங்க டேஸ்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"எப்படி இருக்கு?"

"எனக்கு ஓகேதான்."

அவர் கொஞ்சம் சிரித்தார். "அப்புறம் என்னண்ணே? ஹோல்ட் போடப் போறீங்களா? போடணும்னா போடுங்க. நான் வேண்டாம்னு சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும், உங்க சைன்தான். அனுப்பலாமா, கேன் ஆர் நாட்?"

அந்தச் சிரிப்பு வேறு எதற்காகவும் இருந்திருக்கலாம். மேடையில் அவர் மகள் ஏதாவது செய்திருக்கலாம். எனக்குக் கேட்டதோ கத்திரிக்காய்தான்.

"இல்ல, ஒண்ணும் பிரச்சனை இல்ல. அனுப்பிடலாம்," என்றேன்.

இன்றுவரை அவரை என்னால் குறை சொல்ல முடியவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். நிறுத்துங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பார். நெருக்கடி என்றால் மேலதிகாரி மேசையைத் தட்டிக் கத்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலும் அவர் நல்லபடியாகத்தான் கேட்பார்.

லெட்சுமியிடம் திரும்பி வந்து, "வேகவெச்சா போயிடும். போட்டுருங்க," என்றேன். அவர் தனியாக இழுத்துப் போட்டிருந்த மூன்று மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சரிண்ணே, நீங்க படிச்சவங்க," என்று சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டார். அந்தத் தாளில் குறைகளுக்கான கட்டத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. அவர் கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். ஒன்றே முக்காலுக்கு லாரி போய்விட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவியோடு தேக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். கறிவேப்பிலை வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மதியம் இரண்டு மணி. மேனேஜர்தான். முந்தின நாள் சிரிப்பு குரலில் இல்லை.

"அண்ணே, துவாஸ் டார்மிட்டரில ஆளுங்க வாந்தி எடுக்கிறாங்களாம். பதினாலு பேர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. ஒருத்தருக்கு நெனவு இல்ல. என்னத்தண்ணே அனுப்புனோம்?"

நான் நின்ற இடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இடித்துக்கொண்டு போனது. எல்லாம் விடுமுறை நாளுக்குக் குளித்துச் சீவி வந்த ஊழியர்கள். ஒவ்வொரு முகமும் துவாஸிலிருந்து வந்தது போலவே இருந்தது. மனைவி, "யாரு?" என்று கேட்டாள். "ஆபீஸ்," என்றேன்.

நேராகத் தொழிற்சாலைக்குப் போனேன். ஒவ்வொரு லோடிலிருந்தும் ஒரு பெட்டி எடுத்துவைப்பது வழக்கம். அதிலிருந்து ஒரு துண்டை நசுக்கிக் குப்பியில் போட்டு மஞ்சள் தாளைத் தொங்கவிட்டேன். திங்கட்கிழமை காலை பார்த்தபோது தாள் செங்கல் நிறத்தில் இருந்தது. அந்தச் சோதனைக்கு ஒரு சின்னக் குப்பியும் ஒரு நாளும் போதும். அந்த ஒரு நாளைத்தான் நான் கொடுக்கவில்லை.

விடுதிச் சமையற்காரர் பெரிய துண்டுகளை அப்படியே மூடிபோட்டு ஆவியில் அவித்து, தேங்காய் போட்டு மசித்திருக்கிறார். தண்ணீரில் கொதிக்கவிட்டு வடித்திருந்தால் ஓரளவு குறைந்திருக்கும். அவர்மீதும் தவறு இல்லை. இனிப்பு ரகம் என்று எழுதிய பெட்டி அவருக்குப் போயிருந்தது. எழுதியது நான்.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். பதின்மூன்று பேர் அன்றைக்கே எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். நினைவிழந்தவரை நான்காம் நாள்தான் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். அப்போது மறுபடி போனேன். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், அருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாரக்கட்டு கட்டும் வேலை. முப்பது வயது இருக்கும்.

"நீங்க கேன்டீனா சார்?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி. கிழங்கு கம்பெனி."

"கெழங்கு நல்லாத்தான் சார் இருந்துச்சு. கொஞ்சம் கசந்துச்சு. ஊர்லயும் சில நேரம் கசக்கும்னு விட்டுட்டேன். கேட்டுக் கேட்டு இப்பதான் போட்டாங்க. அதான் ரெண்டாவது தட்டும் வாங்கித் தின்னுட்டேன்." பிறகு, "என்னால உங்களுக்கு ஏதும் பிரச்சனை வந்துருச்சா சார்?" என்றார்.

தண்ணீர்க் கோப்பையை எடுக்கப் போனார். கை நடுங்கித் தண்ணீர் போர்வையில் கொட்டியது. சீக்கிரம் சரியாகிவிடும் என்று மருத்துவர்கள் சொன்னதாகச் சொன்னார். முழுதாகச் சரியாகவில்லை. நடுங்கும் கையோடு யாரும் சாரத்தில் ஏற விடமாட்டார்கள். மூன்று மாதம் கழித்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

அதிகாரிகள் வந்தார்கள், மாதிரி எடுத்தார்கள், கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். லோடு அனுப்பிய ஆள் இனிமேல் அனுப்ப முடியாது என்று ஆயிற்று. எங்கள் தரப்பில் எங்கே தவறியது என்று நிறுவனம் விளக்கம் தர வேண்டியிருந்தது. அதற்காக ஒரு விசாரணை. ஒரு சின்ன அறையில் மேனேஜர், மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு பெண்மணி, நான், லெட்சுமி. லெட்சுமி வேலை உடுப்போடுதான் வந்திருந்தார். லைனிலிருந்து அப்படியே கூப்பிட்டிருந்தார்கள்.

மனிதவளப் பெண்மணி சனிக்கிழமைத் தாளை மேசையில் வைத்தார். குறைகளுக்கான கட்டம் காலியாக இருந்தது. "இது உங்கள் கையெழுத்தா?" என்று லெட்சுமியிடம் கேட்டார். மேனேஜர் தமிழில் சொன்னார்.

"ஆமா. என் சைன்தான்."

"கசப்பு இருந்ததாக ஏன் எழுதவில்லை?"

"நான் எழுத மாட்டேன். அண்ணன்கிட்ட சொல்லுவேன், அவரு எழுதுவாரு. அன்னைக்கும் சொன்னேன்."

பெண்மணி என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னாரா?

அன்றைக்கு எனக்கு ஐம்பத்தேழு வயது. வீட்டில் என்னென்ன இருந்தது, யார் யார் என்னை நம்பி இருந்தார்கள் என்றெல்லாம் இங்கே எழுதலாம். எழுதினால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வரும். அது எனக்கு வேண்டாம். பொய் சொல்லப் போகிறேன் என்று நினைத்து நான் அந்த அறைக்குள் போகவில்லை. கேள்வி வந்தபோது வாய் திறந்தது. "எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை," என்றேன்.

இல்லை என்று சொல்லவில்லை, பாருங்கள். இல்லை என்று சொல்லக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை.

லெட்சுமிக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியும். மெதுவாக என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"அண்ணே, நீங்க வந்து கடிச்சுப் பாத்தீங்களே. வேற மூட்டைன்னு நான் சொன்னேனே."

நான் மேசையில் இருந்த தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேனேஜருக்கு உண்மை தெரியும். நான்தான் அவருக்குப் போனில் சொல்லியிருந்தேனே. அவரும் அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். லெட்சுமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கத்துவார், அழுவார் என்று நினைத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் எழுந்திருக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அந்த வாரமே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். குறையைத் தெரிவிக்கத் தவறினார் என்று காரணம். சிங்கப்பூரில் வேலை செய்வதற்கான பர்மிட்டும் ரத்து. எனக்கு மேற்பார்வையில் கவனக்குறைவு என்று ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

இதன் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் கேவலம். மறுபடி இப்படி நடக்காமலிருக்கப் புதிய விதிமுறை எழுத வேண்டும் என்றார்கள். என்னிடம்தான் கொடுத்தார்கள். எழுதினேன். ஒவ்வொரு மூட்டையையும் பிரித்தவுடன் நுனியிலும் நடுவிலும் சீவி, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்ப வேண்டும். சந்தேகம் வந்த மூட்டையைத் தனியாக இழுத்துப் போட வேண்டும். சந்தேகப்பட்ட மூட்டையிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும். நாக்கில் நிற்கும் கசப்பை நுனிக் கசப்பிலிருந்து எப்படிப் பிரித்தறிவது என்பதுவரை எழுதினேன். ஒரு வரிகூட என்னுடையது இல்லை. ஆறு வருடம் லெட்சுமி செய்ததைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுதினேன், அவ்வளவுதான். நல்ல விதிமுறை என்று பாராட்டினார்கள். வேறு இடங்களிலும் எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் பயிற்சியில் படிப்பதும் அதிலிருந்து வந்ததாக இருக்கலாம். நான் ஓய்வுபெற்ற அன்று மேடையில் அதைச் சொல்லித்தான் என் தோளில் துண்டு போட்டார்கள்.

எழுதித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்ட பிறகு லெட்சுமியைப் பார்க்காமல் எழுத முடியவில்லை. இரண்டாம் லைனில் இன்னும் வேலை பார்க்கும் ஒரு பெண்ணிடம் முகவரி வாங்கினேன். போன மாதம் ஒரு காலை நேரம் பாலம் தாண்டிப் போனேன். வரிசை வீடுகளில் கடைசி வீடு. கம்பிக் கதவுக்கு உள்ளே அவர் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. கதவைத் திறக்கவில்லை.

"என்ன இவ்ளோ தூரம்?" என்றார். அண்ணே என்று சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததையும் சொன்னேன். அவர் ஈரத்துணியைக் கையில் பிடித்தபடி கேட்டார்.

"வேலை போனதுகூடப் பரவால்ல," என்றார். "ஏழு மாசம் சும்மா இருந்தேன், அப்புறம் ஒரு கிளினிக்ல துடைக்கிற வேலை கெடச்சுது. ஆனா பாலத்துப் பஸ்ல என்கூட வந்த பொம்பளைங்க எல்லாம் என்ன பேசுனாங்க தெரியுமா? லெட்சுமி கவனிக்காம விட்டுட்டா, ஆளுங்க சாகப் பாத்தாங்கன்னு. பதினேழு வருஷம் மரவள்ளி பாத்தவ நான். என் கையில ஒரு கெட்ட கிழங்கு தாண்டிப் போனதில்ல. என் வீட்டுக்காரரே ஒருநாள் கேட்டாரு, உண்மையிலேயே நீ சொன்னியா இல்லியான்னு."

"நீங்க சொன்னீங்க," என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? இத்தன வருஷத்துல வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"உங்க வீட்டுல?"

"இல்ல."

"அப்ப எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நடந்ததெல்லாம் எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

அப்போதுதான் உங்களைப் பற்றிச் சொன்னேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு எழுதும்படி கேட்டிருக்கிறார்கள், இதை எழுதலாமா என்று கேட்டேன். அவர் கையிலிருந்த துணியை உதறிக் கொடியில் போட்டார். இன்னொன்றை எடுத்துப் பிழிந்தார். போய்விடு என்று அர்த்தமோ என்று நினைத்துத் திரும்பினேன்.

"எழுதுனா கம்பெனிக்கும் ஒண்ணு அனுப்புங்க," என்றார் பின்னாலிருந்து. "எங்க லைன் பொம்பளைங்க படிக்கிற மாதிரி தமிழ்ல எழுதுங்க. மத்தவங்க பேரயெல்லாம் என்னமோ பண்ணிக்குங்க. என் பேர மட்டும் மாத்தாதீங்க."

மாற்றவில்லை.